பஸ் ரோட்டுப் பக்கம் தொங்கிய வாரச் செய்தி

நடுநிலைப்பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் நாளே இரண்டு பொறுப்புகள் வந்து சேரும். ஒன்று, யாரும் எடுக்க விரும்பாத வகுப்பு. இரண்டு, வாரச் செய்தி. திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்து வரும் பிள்ளைகள் படிப்பதற்கு, பள்ளி நடப்புகளை ஒரு பெரிய தாளில் எழுதி மாட்ட வேண்டும், சின்ன வேலைதான் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்பது வருஷம் அதைச் செய்துவிட்டு, இந்த மாதக் கடைசியில் விருதுநகரில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளப் போகும் உங்களுக்காக, எழுத்தின் அளவு, மை கரைக்கும் விதம், தாளை மடிக்காமல் சுருட்டும் முறை என்று வரிசையாக எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் எழுதியதும் நிறுத்திவிட்டேன். அதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதற்குப் பதிலாக என் இரண்டாம் வருஷத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது ஒரு மனிதரின் வேலையைப் பறித்துவிட இருந்தது.

அப்போது நம் பள்ளி ஜில்லா போர்டுக்குக் கீழே இருந்தது. திருத்தங்கல்லிலிருந்து சிவகாசி போகும் பஸ் ரோட்டை ஒட்டி இருந்ததால், ஏழாம் வகுப்பின் சன்னல் ரோட்டைப் பார்த்திருக்கும். ஓவியத்தில் தொழில்நுட்பத் தேர்வு எழுதி, பயிற்சி முடித்து வந்த பெண் என்பதால், வாரச் செய்தியை நான் அழகாக எழுதுவேன் என்று தலைமையாசிரியர் நம்பினார். எழுதத் தாள் கொடுக்க அவரிடம் வழி இல்லை. ஆனால் சிவகாசிப் பக்கத்துப் பள்ளிக்குத் தாளுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். பிரஸ்ஸில் வெடிப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் அடிக்கும்போது வண்ணம் சரியாகப் பிடிக்கும்வரை ஓடும் ஷீட்டுகள் கழிவாகப் போகும். ஒரு பக்கம் லேபிள், மறு பக்கம் பளீரென்ற வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கம்தான் எங்கள் பத்திரிகை.

வாரம் ஒரு ஷீட்டைக் கொண்டுவந்தவள் ஏழாம் வகுப்பு மாரியம்மாள். அவளுடைய அப்பா கருப்பசாமி ஒரு லித்தோ பிரஸ்ஸில் மெஷின் வேலை பார்த்தார். அவர்கள் குடும்பத்தில் காட்டு வேலையை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் அவர். பழைய லேபிள் கழிவை ஆளுக்கொன்று இரண்டு எடுத்துப்போனால் பிரஸ்ஸில் யாரும் கேட்பதில்லை. அதில் புத்தகத்துக்கு அட்டை போடாத வீடு அந்த ஊரில் இல்லை.

கபடிப் போட்டி, தோட்டத்துக் கத்தரிக்காய் மதியச் சாப்பாட்டுக்குப் போனது, சாரணர் இயக்கத்துச் சிறுமியரான புல்புல் அணியின் முகாம், கட்டுரையில் முதலாவதாக வந்தவர், வருகையில் முதல் இடம் பிடித்த வகுப்பு. வாரச் செய்தியில் இவை வரும். அடியில் நானாகச் சேர்த்த ஒரு வரியும் வரும்: ‘இவ்வாரக் காகிதம் உதவியவர், ஏழாம் வகுப்பு மாரியம்மாள்.’ நன்றி சொல்வது நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன்.

அந்த வருஷம் தீபாவளி சீசனுக்கு முன் பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை சுவரில் பசை படக்கூடாது என்று உத்தரவு. நான் ஷீட்டின் மேல் விளிம்பில் ஒரு குச்சியை ஒட்டி, ஏழாம் வகுப்புச் சன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். அந்த இடத்து வெளிச்சத்தில் எழுத்து துலக்கமாகத் தெரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வார ஷீட்டின் பின்பக்கம் ஒரு யானை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு யானை இல்லை, வெட்டாத ஷீட் என்பதால் மூன்று மூன்றாக நான்கு வரிசை, மொத்தம் பன்னிரண்டு யானைகள். துதிக்கையில் குடை. நான் அதைப் பார்க்காமல் இல்லை. ஓவியம் படித்தவள் கண்ணோடு பார்த்தேன். குடைக்கு நிழல் சரியாக விழுகிறது, சைக்கிளுக்குச் செயின் போட மறந்திருக்கிறார்கள் என்று கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் கபடிச் செய்தியைப் படித்தார்கள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் யானைகளைப் பார்த்தார்கள். “ஏலே, யானை டபுள்ஸ் போகுமாலே?” என்று எவனோ ரோட்டிலிருந்து கத்தியதும், வகுப்பே சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் மாரி வந்து நின்றாள். கழுவாத முகம்.

“டீச்சர், எங்கய்யாவ வேலைய விட்டு நிப்பாட்டப் போறாகளாம்.”

“யாரு சொன்னா?”

“அவுகதான் காலைல அம்மாட்டச் சொல்லிக்கிட்டிருந்தாக. அந்த யானை லேபிளு இன்னும் வெளிய வரலையாம் டீச்சர். சீசனுக்குன்னு ஒளிச்சு வச்சிருந்ததாம். வெடி கம்பெனி மொதலாளி பஸ்ஸுல போகும்போது பாத்துட்டாராம். ‘என் யானை ரோட்டுல தொங்குது, வேற கம்பெனிக்காரன் பாத்து அடிச்சிட்டாம்னா நான் எங்கன போயி முட்டிக்கிறது’ன்னு பிரஸ்ஸுல வந்து சத்தம் போட்டாராம்.”

“அப்பா எடுத்தாகன்னு பிரஸ்ஸுல தெரியுமா?”

“தெரியாது டீச்சர். அந்த மெஷின்ல நாலு பேரு. யாருன்னு கேட்டாகளாம். ஒருத்தரும் வாயத் தொறக்கலையாம். இன்னைக்கு மேனேஜர் இங்கன வாறாராம்.”

புது லேபிளின் கழிவை அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது பிரஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு சன்னலைப் பார்த்தேன். அடி வரியில் அவள் பெயர், என் கையாலேயே, மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிதாக. உடனே கத்தரிக்கோலை எடுத்து அந்த வரி இருந்த அடிப்பகுதியை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். நிதானமாக, கோணாமல்தான் வெட்டினேன். கை நிதானமாக இருந்ததால் மனமும் நிதானமாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு மேனேஜர் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். தலைமையாசிரியர் அவரை ஏழாம் வகுப்புக்குள் கூட்டிவந்தார். மேனேஜர் என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன் ஷீட்டை யானைப் பக்கம் திருப்பி மேலிருந்து கீழே சாண் போட்டு அளந்தார்.

“டீச்சர், ஷீட்டை முழுசா மாட்டுனீகளா, வெட்டி மாட்டுனீகளா?”

“ஏன் கேக்கீக?”

“கடைசி வரிசை யானைக்கு ஒண்ணுக்கும் சக்கரம் இல்லையே.”

“பஞ்சர் ஒட்டப் போயிருக்கும் சார்,” என்றது பின் வரிசை. வகுப்பு சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விளிம்பில் விரலை ஓட்டினார்.

“மத்த மூணு ஓரமும் புழுதி படிஞ்சிருக்கு. இந்த ஓரம் மட்டும் பால் மாதிரி இருக்கு. இன்னைக்கு வெட்டுனது.”

ஒரு பொய் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. காற்றில் கிழிந்ததால் சரிப்படுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நாற்பத்திரண்டு பிள்ளைகள். மூன்று நாளாக அந்த வரியைப் படித்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் பெயர் தெரியும். சிரிப்பு அடங்கி, அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மாரி குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

“நான்தான் வெட்டுனேன். காலைல வெட்டுனேன். அதுல ஒரு பேரு இருக்கு. இப்ப அதைக் குடுக்க மாட்டேன்,” என்றேன்.

“இந்தப் பிள்ளைகள்ல யாரைக் கேட்டாலும் சொல்லிருமே டீச்சர்.”

“சொல்லும். கேக்காதீங்க.”

அவர் கேட்கவில்லை. என்னை வராண்டாவுக்கு அழைத்து மெதுவாகச் சொன்னார். “எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஆர்டர் குடுத்த பார்ட்டி சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிரஸ்ஸுக்கு வாறாரு. பேரு தெரியலைன்னா அந்த மெஷின்ல உள்ள நாலு பேரையும் நிப்பாட்டணும்னு நிக்காரு. பெரிய ஆர்டர், என்னால மறுக்க முடியாது. நாலு குடும்பம். பாத்துக்கோங்க.”

அவர் போனதும் தலைமையாசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நம்ம பள்ளிக்கூடச் செய்தி நாலு பேரு கண்ணுல படணும்னு நான் சொன்னது வாஸ்தவம் டீச்சரம்மா. அதுக்காகப் பஸ்ஸுல போறவுக கண்ணுலயா?” என்றார். பிறகு, பள்ளியின் பெயர் இதில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

என் பழக்கப்படி ஒரு தாளில் வரிசை போட்டேன். ஒன்று, தாள் கேட்டது பள்ளி. இரண்டு, ரோட்டைப் பார்க்கத் தொங்கவிட்டது நான். மூன்று, எடுத்தவர் இன்னார். இந்த வரிசையில் சொன்னால் பழி முதலில் எங்கள் மேல் விழும், மூன்றாவதாக வரும் பெயருக்கு அடி குறையும் என்று கணக்கிட்டேன். ஆனால் மூன்றாவது வரியைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. மதிய இடைவேளையில் மாரியைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

கருப்பசாமி சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தட்டு முன்னால் இருந்தது, சோறு அப்படியே இருந்தது.

“வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா?” என்று எழுந்தார்.

“இவுகளே சாப்பிடல, உங்களக் கேக்காக,” என்றார் மாரியின் அம்மா. “வேணாம் வேணாம்னு தலையா அடிச்சுக்கிட்டேன் டீச்சர். மக பேரு சன்னல்ல தொங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. இப்ப நாலு பேரு வேலையும் தொங்குது.”

“சும்மா இரு புள்ள.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நான் களவாங்கல டீச்சர். கழிவுன்னு போட்டதுதான். ஆனா புது லேபிளக் கிழிக்கணும்னு எனக்குத் தெரியும். அந்த வாரம் பழசு ஒண்ணுமே இல்ல. இந்த வாரம் இல்ல ஆத்தான்னுதான் மொதல்ல சொன்னேன். இது அழுகல, ஒண்ணுஞ் சொல்லல. அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிருச்சு. மத்த பிள்ளைக ஓடுது, ஆடுது, பரிசு வாங்குது, பேரு வருது. இது வீட்டு வேலையும் பாத்து, சின்னதுகளையும் பாத்துட்டு ஓடி வருது. இதுக்குன்னு இருக்கிறது அந்தக் கடைசி வரிதான டீச்சர்.”

என் தவறு சன்னலில் தொங்கவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாரா வாரம் நான் எழுதிய நன்றி, அந்த வீட்டில் ஒரு கட்டாயமாகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. காகிதம் வராத வாரம் மாரி இல்லாத வாரம். அப்படி ஆக்கியது நான்.

என் தாளை எடுத்து மூன்று வரிகளையும் வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் நானும் வருகிறேன், முதல் இரண்டையும் நான் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்லலாம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“வேணாம் டீச்சர். நாந்தான் மொதல்ல சொல்லணும்.”

“உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“தெரியும். நீங்க மொதல்ல பேசுனீகன்னா, டீச்சரு பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வந்தான்னு மத்த மூணு பேரும் சொல்லுவானுக. நேத்தெல்லாம் அவனுக எனக்காக வாயத் தொறக்காம நின்னானுக. வேலை இருந்தாலும் போனாலும் இதே ஊருல அவனுக மூஞ்சியிலதான் முழிக்கணும்.”

பயிற்சியில் எங்களுக்கு வரிசைப்படுத்தக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். யாருக்காக வரிசைப்படுத்துகிறோமோ அவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லித்தரவில்லை. தாளைத் திருத்தினேன். மூன்றாவது முதலாவதானது.

ஐந்து மணிக்கு பிரஸ்ஸில் மெஷின் நின்றிருந்தது. வெடி கம்பெனி முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் சுவரோரம் நின்றார்கள். மேனேஜர் என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

கருப்பசாமி நேராக நடுவில் போய் நின்றார். “மொதலாளி, நாந்தான் எடுத்தேன். ஒரு ஷீட்டு. மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு. இவுகளுக்குச் சம்பந்தம் இல்ல.”

“நேத்துக் கேக்கும்போது வாயில என்ன வச்சிருந்த?”

“பயந்துட்டேன் மொதலாளி.”

பிறகு நான் பேசினேன். பள்ளிக்குத் தாள் கேட்டது நாங்கள், ரோட்டைப் பார்க்கத் தொங்கவிட்டது நான், அவர் கொடுத்தது உள்ளே வைத்து எழுத மட்டுமே என்று சொன்னேன். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, படிச்ச பொண்ணா இருக்கீக. பின்னால பன்னெண்டு யானை நிக்குது, கண்ணுல படலையா?”

“பட்டது. சைக்கிளுக்குச் செயின் இல்லையேன்னு மட்டும்தான் நெனச்சேன்.”

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். “செயின் இல்லையா?”

மேனேஜர் மேஜை மேலிருந்த லேபிளை எடுத்துப் பார்த்தார். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். “இல்ல மொதலாளி.”

“இத்தன பேரு பாத்தீக, ஒருத்தன் சொல்லலையே!” என்றார் முதலாளி. சுவரோரம் யாரோ இருமலாக மாற்றிக்கொண்ட சிரிப்பு கேட்டது. அதனால் அவர் கோபம் தணிந்துவிடவில்லை. அப்படித் தணிந்ததாகச் சொன்னால் அது கதை. ஆனால் அதுவரை கத்திக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தார்.

“இவன் என் ஆர்டர் ஓடுற மெஷின்ல நிக்கக் கூடாது. மத்த மூணு பேரு நிக்கட்டும். அம்புட்டுத்தான்.”

“மெஷின்ல இருந்து எறக்கிர்றேன்,” என்றார் மேனேஜர். “வேலைய விட்டு அனுப்பச் சொல்லலையே?”

முதலாளி கையை வீசினார். “உம்ம பிரஸ்ஸு, உம்ம பாடு.”

மறுநாளிலிருந்து கருப்பசாமிக்குத் தாள் வெட்டும் பகுதியில் வேலை. கழிவு ஷீட்டுகளை எண்ணிக் கிழித்துப் போடும் பொறுப்பும் அவருடையதே என்று மேனேஜர் சொன்னார். மெஷினில் இத்தனை வருஷம் நின்ற ஆளுக்கு அது இறக்கம்தான். அவர் சரி என்றார். வெளியே வரும்போது சுவரோரம் நின்றவர்களில் வயதில் மூத்தவர், “நேத்தே சொல்லியிருந்தா நாங்க கொன்னா போட்ருவோம்?” என்று கருப்பசாமியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மற்ற இருவரும் அவரைப் பார்க்காமலே போனார்கள். அவர்கள் பேச எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

வாசலில் மாரி நின்றிருந்தாள். “வேலை இருக்கு ஆத்தா. அம்மாட்டப் போயிச் சொல்லு,” என்றார் கருப்பசாமி. அவள் ஓடினாள். அவள் கண்ணிலிருந்து மறைந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“இனிமே காகிதம் தர முடியாது டீச்சர்.”

“வேண்டாம். நான் வேற ஏற்பாடு செஞ்சுக்கிறேன்.”

“அப்ப பிள்ள பேரு இனிமே வராதா?”

தன் இடம் பறிபோய்ப் பத்து நிமிஷம்கூட ஆகாத மனிதர் கேட்ட கேள்வி இது. “வரும்,” என்றேன்.  

அன்று இரண்டு காரியங்கள் முடிவு செய்தேன். வாரச் செய்தி வராண்டாவில் உள்பக்கம் பார்த்துத் தொங்கும். இது சுலபம். இரண்டாவது, ஒரு நோட்டில் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் எழுதி, அந்த வருஷம் செய்தியில் வந்தவர்களுக்கு எதிரே, வந்த தடவைக்கு ஒரு கோடு போட்டேன். போட்டு முடித்தபோது பாதிப் பெயர்களுக்கு எதிரே வெறுமையாக இருந்தது. சிலருக்கு ஒன்பது கோடு, பத்துக் கோடு. நாங்கள் பள்ளிச் செய்தி என்று நினைத்து எழுதியது பெரும்பாலும் இருபது பிள்ளைகளின் செய்தி.

மாரிக்கு ஒரு செய்தி கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இரக்கப்பட்டு எழுதினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்; உண்மையாக நடந்த ஒன்று வேண்டும். கடைசியில் ஒரு நாள் காலை அரை மணி முன்னதாக வந்து பஸ் ரோட்டில் நின்றபோதுதான் பார்த்தேன். அவள் தெருவிலிருந்து ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை, லோடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே கையைக் கோத்து ரோடு கடத்திக் கூட்டிவந்தாள். இரண்டு பேர்தான் அவள் தம்பி தங்கை. மற்றவர்கள் அவள் கூப்பிடாவிட்டால் பள்ளிக்கு வராத பிள்ளைகள். ஒரு வருஷமாக அது நடந்துகொண்டிருந்தது. அதை எழுதினேன், முதல் செய்தியாக.

அந்த நோட்டை ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போடுகிறேன். இந்த வருஷத்து நோட்டு என் மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கிறது. கோடு விழாத பெயர்கள் இன்னும் பதினொன்று. அவர்களில் நான்கு பேரைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியவில்லை. பரீட்சைக்கு முன்னால் உங்களுக்கு ஏழு திங்கட்கிழமைகள் இருக்கின்றன. காலையில் கொஞ்சம் முன்னதாக வாருங்கள்.